ஜினமதியின் மேப்புக்கு நான் வைத்த நேரம்

ஜினமதியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுத எத்தனையோ பேருக்கு யோக்கியதை உண்டு. எனக்கு இல்லை. இருந்தும் நான்தான் எழுதுகிறேன். நான் அவளுக்குச் செய்தது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், அவளோ அதை யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை.

வயது இருபத்தாறு. திண்டிவனத்தில் விருத்தாசலம் என்கிற இன்ஜினியரின் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறாள். மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம். அப்பா விமலநாதன் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள், ஏழு வருடமாகக் காலை எட்டே கால் பஸ்சில் வந்து மாலை ஆறே கால் பஸ்சில் திரும்புகிறாள். எந்த அறைக்குள் போனாலும் முதலில் காலடியால் அளந்து பார்ப்பாள். என் கடைக்கு வந்தபோதும் அதைத்தான் செய்தாள்.

என் கடை விழுப்புரத்தில் இருக்கிறது, செல்போன் சர்வீஸ். ஆனால் எங்களுக்குள் பழக்கம் வந்தது கடையால் அல்ல. 'ஸ்டீல் ஃபிரண்ட்' என்று ஒரு துப்பாக்கி விளையாட்டு, ஐந்து பாகம் வந்துவிட்டது. அதற்கு எங்கள் மாவட்டத்தில் நூற்று நாற்பது பேர் கொண்ட ஒரு குரூப் உண்டு. விக்கிரவாண்டியில் டயர் கடை வைத்திருக்கும் வல்லரசு அதற்கு அட்மின். நாங்கள் விளையாடிய நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம்தான் அதிகம். முதல் மூன்று பாகத்தில் மேப் சின்னதாக இருந்தது. மேப் என்றால் ஆட்டம் நடக்கும் இடம், அதன் சந்து, சுவர், மறைவு எல்லாம் சேர்த்து. மூன்றே பாதை, எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிராளி. நாலாம் பாகத்திலிருந்து மைதானம் மாதிரி விரித்துவிட்டார்கள். பத்து நிமிடம் ஓடினாலும் ஒருத்தனும் கண்ணில் படமாட்டான். அதற்கு ஜீப்பு வேறு, கலர் கலராகச் சட்டை வேறு. அது கேடு என்பது பழைய கட்சி, அதுதான் வளர்ச்சி என்பது புதிய கட்சி. பழைய கட்சிக்கு நான்தான் பெரிய வாய்.

அந்தக் குரூப்பில் 'அபி' என்று ஒரு பெயர். வாயே திறக்காது, எழுத்தில் மட்டும்தான் பேசும். பொழுது சாயும் நேரத்தில் ஆட்டம் நடந்தால் பாதியில் காணாமல் போகும். "அபிக்கு அம்மா கூப்டுட்டாங்க" என்று கேலியை ஆரம்பித்து வைத்தவன் நான். அது குரூப்பில் ஒட்டிக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு நாள் உடைந்த போனோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். நான் விலை சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

"ஸ்டீல் ஃபிரண்ட் குரூப்ல பேசற ராஜ்குமார் அண்ணா தான நீங்க? கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன். நாந்தான் அபி."

அபி என்பது அவள் அண்ணன் அபிநந்தன் அந்த விளையாட்டில் வைத்திருந்த பெயராம். அவன் புனேவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. இவள் அதிலேயே தொடர்ந்துகொண்டிருக்கிறாள். இன்ஜினியர் ஆபீசில் நல்ல கம்ப்யூட்டர், அவரும் நல்ல மனிதர், வேலை முடிந்தபின் ஒன்றும் சொல்வதில்லை.

"ஏம்மா பாதில ஓடிடற?" என்று கேட்டேன்.

"பொழுது போனா எங்க வூட்ல சாப்புட மாட்டோம்ணா. ஆபீஸ்லயே டப்பாவ முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன். யாராண்டயும் சொல்லிடாதீங்க. பொண்ணுன்னு தெரிஞ்சா பேஜாரு பண்ணுவானுங்க."

"எறும்பக்கூட மிதிக்காதவங்க நீங்க. இதுல வந்து சுட்டுக்கினு இருக்கியே?"

"நான் எங்கண்ணா சுடறேன்? நீங்க சுடும்போது மத்தவங்க ஒளியறதுக்கு எடம் பண்ணிக்கினு இருக்கேன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சொந்தத் தங்கைபோல நினைத்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் தங்கைக்கு எவனும் அப்படிச் செய்யமாட்டான்.

ஐந்தாம் பாகத்தில் நாமே மேப் செய்துகொள்ளும் வசதி வந்திருந்தது. கம்பெனி ஒரு போட்டியும் வைத்தது. ஒரு ரசிகர் குரூப்பிலிருந்து ஒரே ஒரு மேப்தான் அனுப்பலாம், எதை என்று குரூப்பே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். தேர்வானால் உலகம் முழுக்க அதில் விளையாடுவார்கள், செய்தவர் பெயர் திரையில் வரும். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து 'டோல்கேட்' என்று ஒன்று செய்தேன். லாரி வரிசை, பூத்து, மேலே நீளக் கூரை. மூன்று பாதை போதும் என்று வருடக்கணக்காகக் கத்தியவன் பத்து பாதை வைத்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம் அபி தன் மேப்பைப் போட்டாள். பெயர் 'கமிட்டி'. மல்லாட்டை மூட்டைகளை ஏலம் விடும் கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்போம். ஆட்டம் தொடங்கும்போது கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருக்கும், சந்து சந்தாக மறைவு. நேரம் போகப் போக லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். கடைசி இரண்டு நிமிடத்தில் வெறும் சிமெண்டுத் தளமும் ஒரு எடை மேடையும்தான் மிச்சம். அப்பாவின் மூட்டைகளோடு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவளுக்குத்தான் அது தோன்றும். பழைய கட்சிக்கும் பிடிக்கும், புதிய கட்சிக்கும் பிடிக்கும். நான் நாலு முறை விளையாடிப் பார்த்தேன். என்னுடையதைவிட அது எவ்வளவோ மேல் என்பது முதல் முறையே தெரிந்துவிட்டது.

பொறாமை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது அற்பத்தனம். வல்லரசுக்குப் போன் போட்டேன்.

"ஓட்டெடுப்ப சனிக்கிழம அஞ்சரைக்கு வச்சிடு மச்சான். ராத்திரி எங்க ஏரியால லைன் வேல, கரண்டு இருக்காது."

"அஞ்சரைக்கா? எப்பவும் எட்டு மணிக்குத்தானடா வைப்போம்."

"ஒரு நாள் தான. இன்னொன்னு, மேப் பண்ணவன் வாய்ஸ்ல வந்து சுத்திக் காட்டணும். வர்லன்னா லிஸ்ட்டுலருந்து தூக்கிடு."

சனிக்கிழமைகளில் இன்ஜினியர் அவளைச் சைட்டுக்கு அளவெடுக்கக் கூட்டிப்போவார், ஆபீஸ் திரும்ப ஐந்து இருபதாகும் என்பதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குப் பொழுது இறங்கிவிடும். நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தில்தான் அவள் சாப்பிட வேண்டும். அதைக் கணக்குப் போட்டுத்தான் அந்த நேரத்தை வைத்தேன். வரமாட்டாள் என்று நிச்சயமாக இருந்தேன்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்தாள்.

"வணக்கங்க. அபி எங்க அண்ணன். என் பேரு ஜினமதி. இந்த மேப் நான் பண்ணது."

அறுபத்து நாலு பேர் லைனில் இருந்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான், வல்லரசு அவனை வெளியே தள்ளினான். "மொதல்ல இவங்களே காட்டட்டும்" என்றேன் நான், ரொம்பப் பெருந்தன்மையாக. கீபோர்டில் ஒரு கை, மவுசில் ஒரு கை, வாயில் விளக்கம். எதையும் எடுத்து வாயில் போட அவளுக்குக் கை இல்லை. அதுவும் போதாதென்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். இந்தச் சந்து எத்தனை அடி, அந்த லாரி எந்தப் பக்கமிருந்து வரும், எடை மேடைமேல் ஏறலாமா. எழுந்து போய்விடுவாள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"மூட்டையெல்லாம் போயிடுச்சின்னா அப்புறம் எங்கதான் ஒளியறது?" என்றேன் கடைசியாக, எகத்தாளமாக.

"ஒளிய முடியாதுங்கண்ணா. அதுக்குள்ள யாரு எங்க போயி நின்னுக்கினாங்கறதுதான் ஆட்டமே."

புதிய கட்சிக்காரன் இனியவன் "சூப்பருங்க" என்று கத்தினான். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் மைக்கில் இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டப்பாவை மூடுகிற சத்தம். அறுபத்து மூன்று பேரில் அது என்னவென்று புரிந்தவன் நான் ஒருத்தன்தான். காலை வரைக்கும் அந்தப் பெண் இனி ஒன்றும் சாப்பிடமாட்டாள்.

கமிட்டிக்கு நாற்பத்து நாலு ஓட்டு. டோல்கேட்டுக்குப் பத்தொன்பது. நான் ஜெயிக்கவும் இல்லை. ஒருத்தியைப் பட்டினி போட்டதுதான் நான் கண்ட பலன்.

ஆறரைக்கு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. பஸ்சிலிருந்து அனுப்பியிருந்தாள்.

"தேங்க்ஸ்ணா. நீங்க அத்தன கேள்வி கேக்கலன்னா யாரும் மேப்ப முழுசா பாத்திருக்கவே மாட்டாங்க. ஒங்க ஏரியால கரண்டு போயிடும்னு வல்லரசு அண்ணா சொன்னாரு. அதான் நேரத்த மாத்தச் சொல்லல, ஒங்களுக்குக் கஷ்டமாயிடும்னு. இப்ப கரண்டு இருக்குதா? சாப்டீங்களாண்ணா?"

கடையில் நாலு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. டேபிளில் பாதி தின்ற பரோட்டாப் பொட்டலம். 'இல்லம்மா, இன்னும் சாப்பிடல' என்று பொய் சொல்லலாமா என்றுதான் அப்போதும் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. அடித்தேன், அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி அனுப்பினேன்.

"கரண்டு போறதாவே இல்ல ஜினமதி. அஞ்சரைன்னு வேணும்னே வச்சது நாந்தான்."

பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பரோட்டாவைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து "சரிங்க" என்று வந்தது. அவ்வளவுதான்.

குரூப்பை விட்டு நானும் போகவில்லை, அவளும் போகவில்லை. யாரிடமும் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேப்பைப் பற்றி நான் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. வல்லரசு அவளுக்கு அண்ணன், இனியவன் அண்ணன், அன்றைக்கு விசிலடித்து மன்னிப்புக் கேட்டவன்கூட அண்ணன். என்னை மட்டும் சார் என்கிறாள்.