ஊசிக்கண்ணு போட்ட டிக்

பாத்திரத் தொழிற்சாலையில் அவளுக்கு ஊசிக்கண்ணு என்று பெயர் வைத்தவன் மேஸ்திரி. புகழ்ந்து வைத்தானா, எரிச்சலில் வைத்தானா என்பது அவனுக்கே தெரியாது. எவர்சில்வர் குடமோ அண்டாவோ சிங்க்கோ, எதுவானாலும் வெளியே போகுமுன் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பாள். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அகப்படாத துளை அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நல்ல பாத்திரமென்றால் விளிம்பில் நீலச் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாள். அந்த டிக் விழுந்த பாத்திரத்தை அதற்கப்புறம் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஒரு தடவை அவசர ஆர்டர். மேஸ்திரி ஓடிவந்து, "கண்ண மூடிக்கிட்டு டிக் போடும்மா, லாரி நிக்குது" என்றான். "கண்ண மூடிக்கிட்டுப் போட நான் எதுக்கு? நீங்களே போட்டுக்குங்க" என்று சாக்பீஸை அவன் கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். இருபது வருஷத்தில் ஓட்டைப் பாத்திரத்துக்கு அவள் டிக் போட்டதில்லை. நல்ல பாத்திரத்தைக் கழித்ததும் இல்லை. அவளுக்கென்று இருந்த கௌரவம் அது ஒன்றுதான். கல்யாணம் கில்யாணமெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போய், கடைசியில் பேச்சே நின்றுபோயிற்று.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து படுத்தபோது வேலையை விட்டாள். யார் விடச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி வீடுகளில் அதுதானே வசதி. யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, செய்கிறவள் தானாகச் செய்துவிடுவாள். வெளிநாட்டில் இருந்த தம்பி போனில், "நீ இருக்கறதாலதான் அக்கா நான் நிம்மதியா இருக்கேன்" என்றான். உண்மைதான். அந்த நிம்மதியில் ஆறு வருஷத்தில் இரண்டே தடவை வந்து எட்டிப் பார்த்தான்.

அப்பாவின் துணியை நாளைக்கு நாலு தடவை அலச வேண்டும். குளியலறையில் குனிந்து துவைத்தால் அவர் கூப்பிடுவது காதில் விழாது. சமையலறை சிங்க் முன்னால் நின்றால் கதவு வழியாகக் கட்டில் தெரியும். அதனால் இரட்டைத் தொட்டி சிங்க்கில் இடதுபக்கத் தொட்டியை அப்பாவுக்கென்று ஒதுக்கினாள். துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, அவருக்கு ஊட்டிவிட்டு, வந்து அலசுவாள். பிளீச்சிங் தண்ணீர் எவர்சில்வரைத் தின்றுவிடும் என்று அவளுக்கா தெரியாது? தெரிந்தேதான் ஊற்றினாள். அப்பாவா சிங்க்கா என்றால் சிங்க் போய்த் தொலையட்டும் என்று இருந்தாள். அப்பா போன அதே வருஷம் தொட்டியும் ஒழுகத் தொடங்கியது. அடியில் ஒரு பேசினை வைத்து ஒப்பேற்றினாள்.

அப்பா போனதற்கு வந்த தம்பி, திரும்பிப் போகுமுன் சில காகிதங்களை நீட்டினான். "கரண்ட், தண்ணி எல்லாத்துக்கும் பேர் மாத்தணும் அக்கா, ஒரு கையெழுத்து." ஒரு ஆபீசுக்கும் கூட்டிக்கொண்டு போனான். காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். குடத்துக்கு அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்தவள், அந்தக் காகிதத்தைப் பட்டப்பகலில்கூடப் படித்துப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை எந்த அக்கா படிப்பாள்?

மறுவருஷம் லீவில் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் போன் செய்தான். "அக்கா, அடுத்த வருஷம் குடும்பத்தோட அங்கயே வந்துடலாம்னு இருக்கோம். உன்னைத் தனியா விட்டது போதும். சமையலறையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணி வையேன். சிங்க் ஒழுகறதைப் பாத்தா என் பொண்டாட்டி மூஞ்சியைத் தூக்குவா."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆளைக் கூப்பிட்டால் புது சிங்க் போடச் சொல்வான். அப்பாவைப் பார்த்தபடி ஆறு வருஷம் நின்ற இடத்தைப் பெயர்த்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. தானே உட்கார்ந்தாள்.

தொட்டியை இரண்டு நாள் காயவிட்டாள். பிறகு அடி அலமாரிக்குள் விளக்கை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு மேலிருந்து பார்த்தாள். பதினொரு வெளிச்சப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டம் போட்டாள். துளை என்னவோ கடுகளவுதான். ஆனால் அதைச் சுற்றித் தகடு அரித்துப் போயிருக்கும். அதன்மேல் பசையை அப்பினால் ஆறு மாதம் சமர்த்தாக இருந்துவிட்டுப் பக்கத்தில் ஒழுகும். அதனால் அடைப்பதற்கு முன்னால் துளையைப் பெரிதாக்க வேண்டும். குத்தூசியால் குத்தி, அரத்தால் ராவி, நல்ல தகடு பளிச்சென்று தெரிகிறவரை சுரண்ட வேண்டும். அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, மூஞ்சியெல்லாம் கறுப்புப் பொடி கொட்ட, அதைச் செய்தாள். ஐம்பத்தேழு வயசு முதுகு சும்மா இருக்குமா? "ஐயோ, அம்மா" என்று முனகிக்கொண்டே செய்தாள். ஸ்பிரிட்டால் துடைத்து, கடையில் வாங்கிய இரண்டு டியூப் பசையையும் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு துளையிலும் அழுத்தினாள். பெரிய துளைகள் மூன்றுக்கு அடியில் காசளவு எவர்சில்வர் வில்லை வைத்து ஒட்டினாள். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, விரலை ஓட்டினால் தட்டாத அளவுக்குச் சமமாக்கினாள்.

கடைசியில் தொழிற்சாலைச் சோதனை. அடியில் பழைய பேப்பரை விரித்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, தொட்டி முட்ட முட்டத் தண்ணீர் நிரப்பி வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் பொடியில் வடு தெரியும். ஒன்றும் விழவில்லை. சந்தோஷத்தில் சிங்க் விளிம்பில் நீலச் சாக்பீஸால் ஒரு டிக் போட்டாள். தம்பி மகளின் டிபன் டப்பாவை இதில்தான் கழுவப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பி தனியாக வந்தான். மகளுக்குப் பரீட்சையாம். மூன்றாம் நாள் காலை, தெரிந்தவர்கள் என்று ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தான். அந்தம்மா நேரே சமையலறைக்குள் நுழைந்து, அடி அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இந்த சிங்க் ஒழுகுமாங்க?"

தம்பி வாயைத் திறக்குமுன் ஊசிக்கண்ணு முந்திக்கொண்டாள். "பதினோரு ஓட்டை இருந்துச்சும்மா. எல்லாத்தையும் நானே அடச்சேன். இனிமே பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு விழாது."

"பதினோரு ஓட்டையா!" அந்தம்மா புருஷனைப் பார்த்தாள். "இப்ப இருக்கற வீட்டுல ஒழுகி ஒழுகியே உயிர் போவுது. நான் ஒண்ணு சொல்லட்டுமா? இப்பத் தண்ணி நிரப்பி வச்சிடலாம். சாயந்திரம் வந்து பாக்கலாம். சொட்டலேன்னா இந்த வீட்டையே முடிச்சுக்கலாம். சொட்டினா அந்த இன்னொரு வீடு. பையனுக்கு இங்க ஜன்னல் ரூம் வசதியா இருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர்கள் படியிறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தாள். "வீட்டை விக்கிறியா?"

"உன் நல்லதுக்குத்தான் அக்கா."

"வந்துடறோம்னு சொன்னியே?"

"பாக்கலாம்னுதான் இருந்தோம். அவளுக்கு இந்த இடம் ஒத்துக்காதாம்."

"நான் கையெழுத்துப் போடாம எப்படி விப்பே?"

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அதான் போன வருஷமே போட்டுட்டியே அக்கா."

அவன் பாட்டுக்குப் பூசி மெழுகிக்கொண்டே போனான். தனியாக இருக்கிற பெண்களுக்கென்று ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறானாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, டிவி, ஒரு துரும்பைக்கூட அவள் எடுத்துப் போட வேண்டாமாம். பேச்சு முடிகிற இடத்தில்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"அது கெடக்கட்டும். ஓட்டைக் கதையெல்லாம் அவங்ககிட்ட யாரு சொல்லச் சொன்னா? ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட். இது கைநழுவிப் போச்சுன்னா அப்புறம் அடுத்த வருஷ லீவுலதான் ஆள் பாக்க முடியும்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டில் அவளும் நிறைந்த தொட்டியும்தான். அடியில் அவள் விரித்த புதுப் பேப்பர், தூவிய புதுப் பொடி. ஒரு சொட்டு விழுந்தால் ஒரு வருஷம் இந்த வீட்டில் இருக்கலாம். ஒரு வருஷத்தில் யாரையாவது பார்த்துக் கேட்கலாம், போட்ட கையெழுத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று விசாரிக்கலாம். வழி இல்லாவிட்டாலும் ஒரு வருஷம் ஒரு வருஷம்தானே.

குத்தூசியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை நுழைத்தாள். வில்லையின் ஓரத்தில் முனையை வைத்து அழுத்தினாள். அசையவில்லை. அவள் ஒட்டியதாயிற்றே! தம்பிமேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள். கைதான் வலித்தது.

பிறகுதான் புத்தியில் தட்டியது. குத்தூசி எதற்கு? எழுந்து நின்று வலதுகை விரலைத் தொட்டியில் நனைத்தாள். அப்படியே குனிந்து பேப்பருக்கு நேராக நீட்டினாள். விரல் நுனியில் தண்ணீர் திரண்டு தொங்கியது. உதறக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே விழுந்துவிடும்.

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

பைத்தியக்காரி! அவளை நட்டாற்றில் விட்டவன் ஒரு பொய்க்கும் கூசவில்லை. இவளுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கை கூசுகிறது. நல்ல தொட்டியை ஓட்டை என்று கழிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். அழுதாள். அழும்போதுகூடக் கண்ணீர் பேப்பரில் பட்டுவிடப் போகிறதே என்று தள்ளி உட்கார்ந்து அழுதாள்.

சாயந்திரம் மூன்று பேரும் வந்தார்கள். அந்தம்மா அலமாரி முன்னால் நின்றாள், குனியவில்லை. "எனக்கு முட்டி மடங்காது. நீங்களே சொல்லுங்கக்கா, ஒழுகிச்சா?"

தம்பி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு, அக்கா அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று இப்படித்தான் பார்ப்பான். அன்றைக்கும் அவள் அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை.

"ஒழுகல" என்றாள்.

"அக்கா சொன்னாச் சரிதான்" என்று அந்தம்மா நகர்ந்துவிட்டாள். புருஷனும் அவள் பின்னாலேயே போனான். யாரும் குனிந்து பார்க்கவில்லை. தம்பி மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "தேங்க்ஸ்க்கா" என்றான். அப்பாவை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டதற்கு அவன் சொல்லாத தேங்க்ஸ்.

கூடத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. எந்தத் தேதியில் காலி செய்து தருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து பேப்பரை மெதுவாக வெளியே இழுத்தாள். நாலு மூலையிலும் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு இடத்திலாவது, ஒரே ஒரு சொட்டாவது விழுந்திருக்கக் கூடாதா என்று உள்ளங்கையால் பொடியைத் தடவித் தடவித் தேடினாள். தூவியபடியே காய்ந்து கிடந்தது.

"நல்லா வேலை பாத்தேடி, போ" என்று சொல்லி, பொடி ஒட்டிய அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.