கொக்கியின் வெப்சைட்டில் ஊரே கைவைத்தது

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவின் டெலிபோன் புத்தகத்தில் செல்வின் குவிண்டல் என்று தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். ‘கொக்கி’ என்ற பட்டப்பெயரில் தேட வேண்டும். காஸ்கேட் துறையில் கப்பல் சரக்குக்குக் கொக்கி மாட்டியே அவருடைய வாலிபம் போயிற்று. வேலையை விட்ட பிறகும் பெயர் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு குடில்கள் கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அங்கே கூட்டுவதும் விரிப்பு மாற்றுவதும் என் வேலை.

ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த சிட்னி ஏஜெண்ட் ஒருநாள் கடையை மூடிவிட்டார். அதன்பிறகு யாரும் படுக்காத படுக்கைகளை நான் உதறி விரித்துக்கொண்டிருந்தேன்.

பிரிஸ்பேனிலிருந்து மகள் மெர்லா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொக்கி பேசுவார்.

“அப்பா, இந்தக் குளிர்காலமும் ஆள் வரலைன்னா எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடுங்க. மாடியில உங்களுக்கு ரூம் இருக்கு.”

“அங்கிருந்து பார்த்தா என்ன தெரியும்?”

“எதிர் மாடி தெரியும்.”

 “சரி, குளிர்காலம் வரட்டும்” என்றார் கொக்கி. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “வெப்சைட் வைக்கணும்னா யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார்.

ஸ்பேனரைத்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். மீன்பிடி கிளப்பின் வெப்சைட்டையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சனிக்கிழமை கொக்கிக்கென்று ஒரு பழைய லேப்டாப்போடு வந்தான். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ஜன்னலுக்கு அன்று வெகுநேரம் பிடித்தது.

“மாமா, முதல்ல ஒரு சாஃப்ட்வேர் எடுக்கணும். அதுல நீங்களே எழுதலாம், படம் போடலாம். கம்ப்யூட்டர் பாஷை தெரிய வேண்டாம். மூணு வகை இருக்கு. ஒண்ணு, எல்லாம் தயாரா இருக்கும். படத்தை இழுத்து இழுத்து வச்சா போதும். மாசாமாசம் பணம் கட்டணும்.”

“கெட்டுப்போனா?”

“கம்பெனிக்கு எழுதிக் கேட்கணும். அவங்க எங்கேயோ இருப்பாங்க.”

“அடுத்தது?”

“ரொம்பச் சின்னது. நம்ம சாட்டிலைட் நெட்டுக்கு நல்லா ஓடும். பின்லாந்துல ஒருத்தர் தனியாளா எழுதினது.”

“அவருக்கு உடம்பு சரியில்லைன்னா?”

ஸ்பேனர் மூன்றாவது விரலை நீட்டினான்.

“மூணாவது, கிளப்புக்கு நான் வச்சிருக்கிறது. இலவசம். என்ன வேணும்னாலும் செய்யலாம். ஆனா அடிக்கடி புதுப்பிக்கணும், இல்லைன்னா ஓட்டை விழுந்து கண்டவங்க உள்ள நுழைஞ்சிடுவாங்க.”

“படகுக்கும்தான் பெயின்ட் அடிக்கிறோம். அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்க இங்க யாரு?”

“நான். ஏர்போர்ட்ல ஒரு பொண்ணு.”

“அதையே போடு.”

இங்கே கார் வாங்கினாலும் இப்படித்தான். என்ன கலர், என்ன வேகம் என்று யாரும் கேட்பதில்லை. உதிரிபாகம் யாருடைய கொட்டகையில் கிடக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

கொக்கி ஒரு விரலால் தட்டி எழுதினார்: ‘அழகான குடில்கள். கடல் தெரியும். அமைதியான இடம். வெந்நீர் உண்டு.’

“எழுத ஆள் வேணும்னா ஒவ்வொருத்தருக்கும் தனிக் கணக்கு தர்றேன் மாமா. உங்க பாஸ்வேர்டை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றான் ஸ்பேனர். கொக்கி தலையாட்டினார்.

இந்த ஊரில் கார் சாவி காரிலேயே இருக்கும். என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. அது வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை, பர்ன்ட் பைன் கடைத்தெருவின் அறிவிப்புப் பலகையில் கொக்கி ஒரு சீட்டு குத்தினார். அதில் வெப்சைட் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. கீழே, ‘தப்பு இருந்தா திருத்துங்க’ என்று எழுதியிருந்தார்.

திருத்தினார்கள்.

‘கடல் தெரியும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘குளிக்கிற தொட்டிமேல் ஏறி நின்றால்’ என்று சேர்ந்திருந்தது. ‘அமைதியான இடம்’ என்பதை அடுத்து, ‘சேவல் ஒன்று இருக்கிறது. யாருடையதும் இல்லை. விடிவதற்குள் எழுப்பிவிடும்.’ வெந்நீர் பாதிக் குளியல் வரை என்று ஒருவர். ‘கட்டில் நல்ல கட்டில். வீட்டில் சண்டை வந்தபோது படுத்திருக்கிறேன்’ என்று இன்னொருவர். அவர் பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. ‘இரண்டாவது குடிலின் கூரை ஒழுகும்’ என்று எழுதி, பக்கத்து வீட்டு பெப்பர் தன் பெயரையும் போட்டிருந்தாள். ‘விரிப்புகள் சுத்தமாக இருக்கும்’ என்று நானும் ஒரு வரி எழுதினேன். பெயர் போடவில்லை.

கொக்கி வேலியருகே போனார்.

“ஏன் பெப்பர், என் கூரையைப் பத்தி உலகத்துக்கே சொல்லணுமா?”

“நீதானே திருத்தச் சொன்னே? கூரையை நீ திருத்தியிருந்தா நான் ஏன்யா எழுதப்போறேன்?”

அன்று மாலையே மெர்லா கூப்பிட்டாள். “அப்பா, அதை உடனே மூடுங்க. படிச்சா ஒருத்தராவது வருவாங்களா?”

“எழுதினது எல்லாம் நிஜம்தானேம்மா.”

“அதனாலதான் சொல்றேன்!”

ஸ்பேனர் ஓடிவந்தான். பழைய பிரதிகளையெல்லாம் அந்த சாஃப்ட்வேர் சேர்த்து வைத்திருக்குமாம். ஒரு பட்டனை அழுத்தினால் கொக்கி எழுதிய நாலு வரி மட்டும் திரும்ப வந்துவிடும். விரலைப் பட்டனுக்கு நேரே வைத்துக்கொண்டு, “அழுத்தட்டுமா மாமா?” என்றான்.

கொக்கி யோசித்தார். “பெப்பர் எழுதினதை அழிச்சிட்டு, பெப்பருக்குப் பக்கத்து வீட்டுல நான் எப்படிடா இருக்கிறது?”

“பிரிஸ்பேன்ல இருக்கலாம்.”

“விரலை எடு.”

அடுத்த கப்பலில் தகரம் வந்தது. கொக்கி கூரையில் ஏறினார். பெப்பர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு குறை சொன்னாள். சாயங்காலம் அவளே வெப்சைட்டுக்குள் போய்த் தன் வரியை மாற்றினாள்: ‘இப்போது ஒழுகாது. பார்த்தேன்.’

மே மாதக் கடைசியில் அடிலெய்டிலிருந்து ஒரு தம்பதி எழுதினார்கள். எத்தனையோ விடுதிகளின் பக்கங்களைப் பார்த்திருக்கிறார்களாம். வெந்நீர் எவ்வளவு வரும் என்று யாரும் சொன்னதில்லையாம். சேவல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இங்கே குளிர்காலமான ஜூலை முழுவதும் ஒரு குடில் வேண்டுமாம். மற்றதை அவர்களுடைய நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் தலையணை உறைகளை எல்லாம் திரும்பத் துவைத்தேன்.

கொக்கி மகளுக்குச் சொன்னார். அவள் “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள். மறுவாரம் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘போன் செய்கிறவர்கள் விடாமல் அடிக்கவும். அப்பா பின்னால் வாழைத் தோட்டத்துக்குள் இருப்பார். — மெர்லா.’ பாஸ்வேர்டு அவளுக்கு எப்படிப் போனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

கொக்கி அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் நிதானமாக எழுதினார்: ‘வாழையை வெட்டியாச்சு. தக்காளிக்குள் இருப்பேன்.’