வியாழன் விடிகாலை நாலரை

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு எங்கள் கம்ப்யூட்டரின் தட்டச்சுப் பெட்டி, யாரும் தொடாமலே தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளையிடும் வேலை எனக்கு. நல்லேப்பிள்ளி கிராமத்துப் பெண்ணுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரரான எங்கள் ஆபீசர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் அவர் அப்பாவின் திவசம். "நான் வரவே வேண்டாம். விடியக்காலம் நாலரைன்னு போட்டு வெச்சிருக்கேன், தானே ஓடும்" என்று அவருக்கு ஒரே பெருமை. ஓட வேண்டியது, நிரந்தரமாகப்போகும் தற்காலிகத் தொழிலாளர்களின் பட்டியல். குறித்த நாட்கள் வேலை செய்தவர்களின் பெயர் மட்டுமே அதில் வரும். என் அண்ணனுக்கு அந்த வியாழனோடுதான் நாள் நிறைந்தது. அன்றைய வருகை அட்டைகளோ மாலை ஐந்துக்குத்தான் என் கைக்கு வரும். இப்போதே ஓடி முடிந்தால் அண்ணன் பெயர் இராது.

பெட்டியில் அவர் அடித்து வைத்திருந்த கட்டளையைத் தாளில் பார்த்தேன். நேரம் நாலரை, சரிதான்; தேதிதான் வெள்ளிக்குப் பதில் வியாழக்கிழமையுடையது. ஆபீசர் வழக்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். வரப்போகும் விடிகாலை இன்னும் வியாழனில் சேர்த்தி. இயந்திரத்துக்கோ நடுராத்திரியிலேயே நாள் மாறும்; அதன் வியாழன் நாலரை அன்று காலையே கடந்துவிட்டது. சொன்ன நேரம் எப்போதோ போய்விட்டதே என்று உடனே கிளம்பிவிட்டது, பாழாய்ப்போனது!

நிறுத்தும் பொத்தானை ஆபீசர் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டால் வேலை போகும். புடவையில் கையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் அமுக்கிவிட்டேன். மாலையில் அட்டைகளை ஏற்றி, அவர் அடித்திருந்ததைப் பார்த்தே தேதியை மட்டும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி அடித்தேன். மறுநாள் காலையில் ஓடிவந்தால், பட்டியல் தயாராகக் கிடந்தது. அண்ணன் பெயரும் இருந்தது.

சனிக்கிழமை ஆபீசர் தட்டச்சுப் பெட்டியின் தாளைப் படித்து வெளிறிப்போனார்.

"ஈஸ்வரா! வியாழனோட நாள் நெறஞ்ச பதினோரு பேர் விட்டுப் போயிருப்பாளே. பொத்தானை அமுக்க நோக்கு எப்படித் தைரியம் வந்தது?"

பதினோரு பேரா? எனக்கு அது தோன்றவே இல்லை.

"என்ற அண்ணன் பேரு வரோணுமுங்க சார்."

"அண்ணா அதிலே இல்லேன்னா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஓட உட்டிருப்பனுங்க" என்றேன்.

அவருடைய பிழையும் நான் நிறுத்தியதும் பதிவாகியிருந்த அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.