மாப்பிள்ளைக் காரை முந்தக்கூடாது

நெடுஞ்சாலையின் இடதுகோடிப் பாதை முந்துவதற்கு மட்டும்தான். வலப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கமாகப் போக வேண்டும். முன்னால் போகிறவரை முந்துவதானால் இடப்பக்கம் வரலாம். முந்தி முடிந்ததும் பேசாமல் திரும்பி வலப்பக்கம் போய்விட வேண்டும். பிரான்சின் வீதிச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் அந்தப் பாதையில் மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தால் அதுவும் குற்றம். இந்த நாட்டுச் சட்டங்களில் பாதி எனக்கு விளங்குவதில்லை, விளங்கியதில் பாதி பிடிப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் யாரோ எனக்காகவே உட்கார்ந்து எழுதினார்களோ என்று தோன்றும். தானும் முந்தாமல், முந்த வருகிறவரையும் விடாமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவரைத் தண்டிக்கிற சட்டம் வேறு எங்கே இருக்கிறது?

நான் நோயாளிகளை ஏற்றியிறக்கும் கார் ஓட்டுகிறேன். சிறுநீரகம் பழுதானவர்களை பாரிசின் புறநகர்களான எபினேயிலும் செவ்ரானிலும் ஏற்றி, இரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முடிந்த பிறகு வீட்டில் இறக்கிவிடுவது என் வேலை. பின் இருக்கையில் ஒரு மனுஷி வாந்தி வருமோ என்று பையைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடப்பார். முன்னால் ஒருவர் இடப்பக்கப் பாதையைத் தன் சீதனக் காணி மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு ஆறுதலாகப் போவார். நான் தமிழில் வாய்விட்டுத் திட்டுவேன். வாரத்தில் பல நாள் என்னோடு வரும் பிரெஞ்சுக் கிழவி ஒருவர் அந்தச் சொற்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறார். சில நாட்களில் எனக்கு முன்பே அவர் தொடங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த வெயிலில், காலியான ஏ-1 நெடுஞ்சாலையின் இடதுகோடிப் பாதையில் அறுபதில் ஊர்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு என் தம்பிக்குக் கல்யாணம். நான் ஓட்டியது மாப்பிள்ளைக் கார்.

கார் ஓட்டுவது நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டத்தை மணவறைக்கு ஏந்தி வருவது அவள். மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பெண்ணின் கழுத்தில் போடும்போது பின்னால் நின்று பூட்டைப் பூட்டிவிடுவதும் அவள். தம்பிக்கு இருக்கிற ஒரே சகோதரி நான். அவன் வன்னியிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து பாரிசில் லா சப்பல் பகுதியில் என்னுடைய ஒற்றை அறையில்தான் வளர்ந்தான். வேலை தேடிக் கொடுத்தது நான், விசாவுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றது நான். அவனுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவளுடைய வீட்டில் போய்ச் சொன்னதும் நான்தான்.

ஆனால் நான் கணவரை விட்டுப் பிரிந்தவள். அவர் விட்டுப் போகவில்லை. நானே வழக்குப் போட்டுப் பிரிந்தேன். அதைத்தான் எங்கள் பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. அப்பா இல்லாத எங்களுக்கு இங்கே மூத்தவர் அவர். கல்யாணத்துக்கு முந்திய வாரம் லா சப்பலில் என் அறைக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னார்.

“தோழியா நிக்கிறவள் சுமங்கலியா இருக்கவேணும், பிள்ளை. உனக்குத் தெரியாததே? என்ர மருமகள் நிக்கட்டும். நீ மாப்பிள்ளைக் கார் ஓடு. அதுவும் மரியாதைதானே.”

“என்ர மனிசன் உயிரோடதான் இருக்கிறார், பெரியப்பா. வேணுமெண்டா நம்பர் தாறன், எடுத்துக் கேளுங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. தம்பி குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியப்பா பேசியதை விட அவன் பேசாமல் நின்றதுதான் எனக்குச் சுட்டது. கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு முன்னால் ரகளை வேண்டாம் என்று கார் ஓட்டச் சம்மதித்தேன்.

கல்யாண நாள் காலையில் லா சப்பலில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பூக்கடைக்கு முன்னால் வாடகைக் காரை நிறுத்தி, மூக்கிலிருந்து முதுகு வரை பூச்சரம் கட்டினோம். தம்பி தலைப்பாகை கூரையில் இடிக்காமல் குனிந்து முன் இருக்கையில் ஏறினான். பின்னால் பெரியப்பா. கூறைத் தட்டம் அவருடைய மடியில். தாலி தன் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். அவருடைய மகனும் தோழியாக நிற்கப்போகும் மருமகளும் கைக்குழந்தையின் இருக்கை பூட்டிய தங்கள் காரில் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். அதற்குப் பின்னால் எங்கள் சனத்தின் கார்கள் வரிசையாக. மண்டபம் விமான நிலையத்துக்கும் அப்பால்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பெரியப்பா என் தோளைத் தட்டினார்.

“இடப்பக்கத்தைப் பிடி.”

“ஏன்? வலப்பக்கம் வெறுமையாத்தானே கிடக்குது.”

“மாப்பிள்ளைக் காரை ஒருத்தரும் முந்தப்படாது. இடப்பக்கத்தால போனா எவன் முந்துவான்? மெள்ளப் போ. பின்னால வாற எங்கட சனம் விடுபடப்படாது.”

அந்தப் பாதையை முந்துகிற பாதை என்று நாடே நினைக்கிறது. பெரியப்பா அதை முந்தவிடாத பாதை என்று கண்டுபிடித்துவிட்டார். கணக்கு சரி. சட்டம்தான் வேறு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார் முன்னுக்குப் போவது எங்கள் ஊர்ச் சின்னத் தெருவான ஒழுங்கையில் அழகு. ஒழுங்கையில் பின்னால் யாரும் நூற்றுப்பத்தில் வருவதில்லை. கல்யாண நாளில் சண்டை வேண்டாம் என்று இடப்பக்கம் போனேன். எங்கள் சனம் முழுவதும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் அதே பாதையில் கோத்துக்கொண்டது.

கொஞ்சத் தூரத்தில் பின்னாலிருந்து விளக்கடிக்கத் தொடங்கினார்கள். பிறகு ஹோர்ன். பெரியப்பா அதையும் கல்யாண ஹோர்ன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். பொறுக்க முடியாமல் வலப்பக்கத்தால் சுற்றிக்கொண்டு போன ஒருவர் கையால் காட்டியதை இங்கே எழுத முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாள்தோறும் நான் திட்டுகிற ஆள் அன்றைக்கு நானேதான்.

பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. என்னை மட்டும் அடுத்த வெளியேறும் வழியால் இறக்கினார்கள். எங்கள் சனமும் கூடவே இறங்கி ஓரமாக நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றிய பொலிஸ்காரி என் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார். “தொழிலே கார் ஓட்டுவதா, மதாம்? அப்படியிருந்துமா?” என்று பிரெஞ்சில் கேட்டார். அந்த “அப்படியிருந்துமா” நெஞ்சில் போய் நின்றது. நடந்ததை உள்ளபடி சொன்னேன். மாப்பிள்ளைக் காரை யாரும் முந்தக்கூடாது என்பது வழக்கம் என்றேன்.

அவர் குனிந்து தம்பியின் தலைப்பாகையைப் பார்த்தார். “அப்படியென்றால் வேகமாகப் போயிருக்கலாமே?”

அதைப் பெரியப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். “வேகமாப் போனா சனம் விடுபட்டுப்போகும் எண்டு சொல்லு,” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தண்டத்தையும் பதிந்தார், தபாலில் வரும் என்றார், தம்பிக்கு வாழ்த்தும் சொன்னார். இன்னொரு தரம் இடப்பக்கத்தில் ஊர்ந்தால் இப்படிச் சிரிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்ப நெடுஞ்சாலையில் ஏறினோம். பெரியப்பாவின் கை திரும்பவும் என் தோளுக்கு வந்தது.

“இடப்பக்கம்.”

“ஏலாது.”

“என்ன?”

“ஏலாது, பெரியப்பா. நான் ஓடுற கார் வலப்பக்கத்தாலதான் போகும். விருப்பமில்லாட்டி இறங்கிப் பின்னால வாற காரில ஏறுங்கோ.”

முதலில் எங்களை முந்தியது ஒரு சீமெந்து லொறி. பெரியப்பா “ஐயோ” என்றார். அடுத்தது ஒரு சுற்றுலா பஸ். அதற்குள் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளைக்குக் கைகாட்டினார்கள். தம்பியும் கைகாட்டினான். பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு கார், அதன் கூரையில் கட்டிய மெத்தை காற்றில் படபடத்தபடி எங்களைக் கடந்து போனது. தம்பிக்குச் சிரிப்பு வெடித்தது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“சிரியடா, சிரி. இனி ஏதும் பிழைச்சா உன்ர கொக்காவாலதான்,” என்றார் பெரியப்பா. கொக்கா என்றது அக்காவான என்னை. உண்மையாகத்தான் சொன்னார். இன்றைக்கும் தம்பி வீட்டில் பால் திரைந்தால்கூட அந்தச் சீமெந்து லொறியைத்தான் சொல்லுவார்கள். சொல்லட்டும்.

அதோடு அவர் விட்டிருந்தால் நல்லது. விடவில்லை. கைபேசியை எடுத்து மகனை அழைத்தார். “இவள் சொல்வழி கேக்கிறாளில்லை. நீ இடப்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில வா. ஒருத்தரையும் முந்த விடாதை.” மகன் தகப்பன் சொல்லைத் தட்டாதவன். உடனே இடப்பக்கம் ஏறி எங்களுக்கு நேராக வந்து, எங்கள் வேகத்திலேயே ஊர்ந்தான். எனக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. வேகத்தைக் கூட்டி முன்னால் போனேன். கண்ணாடியில் பார்த்தபோது அவன் இன்னும் இடப்பக்கத்தில், அவனுக்குப் பின்னால் அதே மோட்டார் சைக்கிள்கள், அதே நீல விளக்கு. பொலிஸ்காரி சொன்ன சொல் தவறவில்லை.

மண்டபத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. தம்பியை ஆலத்தி எடுத்து அழைத்தார்கள், மணவறையில் இருத்தினார்கள், பெண் வந்தாள். நான் மண்டபத்தின் பின்வரிசைக்குப் போய், சாரதிக்கு உரிய இடம் இதுதான் என்று கதிரையில் உட்கார்ந்தேன். பெரியப்பா மணவறையின் படியில் நின்றுகொண்டு வாசலையே பார்த்தார். கைபேசியில் மகனோடு தணிந்த குரலில் கதைத்தார். மகன் பொலிசோடு வாதாடப் போய் இழுபட்டுக்கொண்டு நிற்கிறானாம். தோழி அங்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், குழந்தையோடு காருக்குள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். “தோழி எங்கை? கூறை குடுக்கவேணும்.”

“வந்துகொண்டிருக்கினம், ஐயா. கொஞ்சம் பொறுங்கோ.”

“நான் பொறுப்பன். முகூர்த்தம் பொறுக்காது.”

பெரியப்பா கூறைத் தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வரிசையைக் கண்ணால் துழாவினார். யாருடைய நெற்றியில் குங்குமம் இருக்கிறது, யாருடைய கழுத்தில் கொடி இருக்கிறது என்று தேடினார். யாராவது ஒரு பெண். தம்பியின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் மட்டும் இல்லாவிட்டால் போதும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடமும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த கோபம் எழும்பி நின்றது. நானும் எழும்பினேன்.

அப்போது மணவறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. ஒலிவாங்கி ஐயருக்கு முன்னால் இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டது.

“ஐயா, என்ர அக்கா நிக்கிறா. அவதான் தோழி.”

சனம் திரும்பிப் பார்த்தது. ஐயர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், “வாங்கோ பிள்ளை, கெதியா,” என்றார். நடுவழியால் நடந்தேன். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையை விரைவாக்கினேன்.

பெரியப்பா படியின் நடுவில் தட்டத்தோடு நின்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் அவருக்கு முன்னால் போய் நின்று தட்டத்தின் விளிம்பைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

“பெரியப்பா, வலப்பக்கம் ஒதுங்குங்கோ,” என்றேன். “நான் முந்தவேணும்.”

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு ஒதுங்கினார். நான் படியேறி, கூறையைக் கொடுத்து, பெண் அதை உடுத்து வந்ததும் அவளுக்குப் பின்னால் நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனது. தம்பி கொடியைப் பெண்ணின் கழுத்தில் போட்டான். பூட்டை நான்தான் பூட்டினேன்.