கோர்ட் வாசலில் வெடித்த சரவெடி

உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியின் பெயரை அறிவித்ததும் கட்சிக்காரர்கள் டிவியில் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு வெடிமருந்து வாசனை அடிக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது. உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் வீடு. மூத்தவர்கள் பலரைத் தாண்டி யாரோ ஒருவரை டெல்லியில் பெரிய நீதிபதியாக்கப் போவதாகச் செய்தி வந்தது. அவரை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் அப்பாவின் கட்சி அவரை உத்தமர் என்றது. மாமாவின் கட்சி, அவர் ஆளுங்கட்சியின் ஆள் என்றது.

மாமா, அம்மாவின் அண்ணன். கோம்பையில் கட்சிச் செயலாளர். அவருடைய டிராக்டரின் முகப்பில் எப்போதும் கட்சிக்கொடி பறக்கும். கோர்ட் வாசலில் கறுப்புக்கொடி ஆர்ப்பாட்டம், டிராக்டர் நிறைய ஆள் கூட்டி வர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. அதே காலையில்தான் வயதுக்கு வந்திருந்த என் அக்காவுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் வந்தால்தான் சடங்கு நடக்கும்.

போதாக்குறைக்கு, அப்பா முந்தின வாரம் வார்த்தையை விட்டுவிட்டார். "கறுப்புக்கொடி பிடிக்கிற கையால எம் மகளுக்குச் சீர் வேணாம் மச்சான்." மாமா டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்று முதல் அம்மா அடுப்பில் எதை வைத்தாலும் தீய்ந்தது.

சடங்கன்று காலை, மாமா வருகிறாரா என்று பார்க்கச் சந்துமுனைக்கு ஓடினேன். கோர்ட் வாசலை அடைத்துக்கொண்டு கறுப்புக்கொடிகள். எதிர் டீக்கடையில் அப்பாவின் கட்சிக்காரர்கள். தூரத்தில் டிராக்டர்!

"கோம்பை ஆளுக வந்துட்டாகடோய்!" என்று கொடிக்கூட்டம் ஆர்ப்பரித்தது.

கூட்டத்தைத் தாண்ட முடியாமல் டிராக்டர் அங்கேயே நின்றது. முதலில் இறங்கியது அத்தை, கையில் திராட்சைத் தட்டு. பின்னாலேயே பட்டுச்சேலைத் தட்டு, தேங்காய்த் தட்டு, கடைசியில் மேளக்காரர்கள்.

ஆர்ப்பாட்டத்துக்கு வந்திருந்த மாமாவின் கட்சித் தலைவர் திகைத்துப்போனார். "ஏம்ப்பா, ஆளக் கூட்டியாரச் சொன்னா சீரைக் கூட்டியாந்திருக்க?"

"ரெண்டுக்கும்தாண்ணே வந்தேன். அங்கன சீரை எறக்கிட்டு ஓடியாந்துர்றேன்." மாமாவின் சட்டையில் கறுப்புப் பட்டை குத்தியிருந்தது.

"சரி, மேளம் வேணாம், வேட்டு வேணாம். சத்தங்காட்டாமப் போ. அந்த நீதிபதிக்கு நாமளே வேட்டுப் போட்டோம்னு நாளைக்குப் பேப்பர்ல எழுதிப்புடுவாங்கெ."

மாமா சந்துமுனையில் நின்ற என்னைப் பார்த்தார். "தாய்மாமன் சீரு சத்தமில்லாமப் போகுமாண்ணே?" என்று சொல்லிவிட்டு, சரவெடியை நடுரோட்டில் விரித்துத் தன் கையாலேயே கொளுத்தினார்.

அடேயப்பா, என்ன சத்தம்! கோர்ட் மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பின. கொடி பிடித்தவர்கள் சிதறினார்கள். டீக்கடையில் ஒரே விசில். "ஏலே, கோம்பையே நம்ம நீதிபதிக்கு வேட்டுப் போடுதுடா!" நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், "எங்க மாமா! எங்க மாமா!" என்று கத்திக்கொண்டு மேளத்துக்கு முன்னால் ஓடினேன்.

எங்கள் வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். மாமாவின் சட்டையிலிருந்த கறுப்புப் பட்டையில் அவர் பார்வை பட்டதும் மேளம்கூட நின்றுவிட்டது. அப்பா ஊக்கைக் கழற்றி, பட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உள்ள வாங்க மச்சான். நல்ல நேரம் போகுது."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கோர்ட் பக்கமிருந்து கோஷம் கேட்டது. மாமா எழுந்திருக்கவில்லை. "பாயசம் இன்னுங் கொஞ்சம் ஊத்து ஆத்தா," என்றார் அம்மாவிடம்.

அடுத்த மாதம் எங்களைக் கோம்பைக்குக் கூட்டிப்போக மாமா வந்தார். டிராக்டர் முகப்பில் வெறும் கம்பிதான் இருந்தது. கொடி எங்கே என்று கேட்டேன்.

"காத்துல பறந்துருச்சு ஆத்தா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோம்பைக்கு வேறு செயலாளர் போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருந்தேன். கொடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பக்கத்துக் காற்று எதையும் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் டிரெய்லரில் நின்றபடி, அந்தக் கொடி எங்காவது சிக்கியிருக்கிறதா என்று வழிநெடுகத் திராட்சைப் பந்தல்களைத் தேடிக்கொண்டே போனேன்.