இன்ஜினீயர் சம்பளத்தை விசாரிக்கப் போன நாள்

செட்டிகுளத்து வெங்காய மண்டியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அதற்குமேல் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த அரிப்பில்தான். கூலி சட்டைப்பையில், மாற்றுத்துணி தோள்பையில், உடம்பு முழுக்க வெங்காய வாடை. மெயின்ரோட்டில் பஸ் பிடித்துப் பெரம்பலூரில் இறங்கினால், பஸ் ஸ்டாண்டில் அக்கா வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். விக்கிரமங்கலத்தில் கடலை பயிர் செய்கிற மனிதர். அன்று தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

என் தோள்பையைப் பார்த்ததுமே, "விட்டுட்டியா மாப்ள?" என்றார்.

"விட்டுட்டேன் மச்சான். நீங்க என்ன இங்க?"

பேங்கிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் மகனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. படிக்க லோன் தருகிறார்கள் என்பதே எங்கள் பக்கம் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. வருடத்துக்கு ஐம்பதாயிரம், நான்கு வருடத்துக்கு இரண்டு லட்சம். மறுநாள் காலை அப்பனும் மகனும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் காலேஜுக்குப் பணம் கட்ட முடியாது, சீட் போய்விடும்.

"போட்டுட வேண்டியதுதான?"

"படிச்சிட்டு வந்து எவ்ளோ சம்பாதிப்பான்னு தெரியாம எப்புடிடா போடறது? காலேஜ்ல கேட்டா அள்ளி விடுறாங்க. வேலை பாக்குறவன்கிட்ட கேட்டா எவன் சம்பளத்தச் சொல்லுவான்?"

அது உண்மைதான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் சம்பளத்தை அடுத்தவனிடம் சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான். எனக்குச் சட்டென்று அது பிடிபட்டது.

"மாப்பிள்ளை பாக்குற மாரி போயி விசாரிப்போம் மச்சான். பொண்ணு வூட்டுக்காரங்கன்னா எல்லாத்தையும் சொல்லிடுவாங்க."

"எனக்கு ஏதுடா பொண்ணு?"

"இருக்குன்னு வச்சுக்குங்க."

அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். அங்கே ஒரு சிமென்ட் ஆலை வாசலில் டீக்கடை. கடைக் கூரை, பெஞ்சு, போண்டாத் தட்டு மூடி எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் தூசி. டீக்கடைக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். உள்ளே மெக்கானிக்கல் படித்த பையன் யாராவது உண்டா, கல்யாணமாகாதவனா?

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இருக்கானுங்க! தங்கமான புள்ள. பீடி, சிகரெட் கெடையாது. பதினஞ்சாயிரம் வாங்குறான்."

பெஞ்சிலிருந்த லாரி டிரைவர், "பதினெட்டுங்க" என்று திருத்தினார்.

"கம்பெனில வூடு குடுக்கப் போறாங்களாம்" என்றார் போண்டா தின்றுகொண்டிருந்த இன்னொருவர். யார் அவரைக் கேட்டது என்று தெரியவில்லை.

மச்சான் முகம் பல்பு மாதிரி எரிந்தது. பதினெட்டாயிரம் என்றால் ஒரே வருடத்தில் லோனை அடைத்துவிடலாம் என்று என் காதில் கணக்குப் போட்டார். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களிடம் சம்பளத்தைக் குறைத்துச் சொன்ன மனிதனை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. யோசனை சொல்லும்போது இது ஏன் உறைக்கவில்லையோ.

அதற்குள் ஷிப்ட் விட்டது. டீக்கடைக்காரர் கேட்டைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, ஓடியா! ஒன்னப் பாக்க வந்திருக்காங்க!"

தலையெல்லாம் சிமென்ட்டோடு ஒரு பையன் வந்தான். விஷயம் புரிந்ததும் கர்சீப்பால் அவசரமாக முகத்தைத் துடைத்தான். துடைத்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு மச்சானிடம் சொன்னான்:

"பொய் சொல்லிக் கல்யாணம் பண்ண விரும்பலைங்க. நான் ட்ரெயினி. ஆறாயிரந்தான். அதுல படிப்பு லோனுக்கே மூவாயிரம் போயிடுது. பொண்ணு ரெண்டு வருஷம் பொறுத்துக்குமான்னு கேளுங்க."

"அடப்பாவி!" என்றார் டீக்கடைக்காரர். "ஒனக்காவ நான் பதினஞ்சு சொல்லி வச்சிருக்கேன்டா!"

மச்சானால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடையே சிரித்தது. பையனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"அப்ப பொண்ணே இல்லீங்களா?"

"இல்ல தம்பி. பையன்தான் இருக்கான். அவனச் சேக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லு."

பையன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தான். "சேத்துடுங்க. பர்மனன்ட் ஆனா சம்பளம் ஏறும். எங்க வூட்டுல ஒரு தப்புப் பண்ணிட்டோம். படிக்கிறப்ப வட்டியக் கட்டாம விட்டுட்டோம். நாலு வருஷத்துல அது கொழுத்துப் போச்சு. நீங்க மாசாமாசம் வட்டிய மட்டும் கட்டிடுங்க." பெஞ்சுத் தூசியில் விரலால் எழுதிக் காட்டினான். முதல் வருடம் மாதம் ஐந்நூறு. அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஐந்நூறு ஏறும்.

மச்சான் முகம் மறுபடி வாடியது. "கடலை வித்தாதான் எனக்குக் காசு. மாசாமாசம் எங்கேருந்து கட்டுவேன்?"

நான் கேட்டைப் பார்த்தேன். மூட்டை ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன.

"இங்க லோடிங்குக்கு ஆள் எடுக்குறாங்களா?"

"எடுக்குறாங்க" என்றார் டீக்கடைக்காரர். "ஆனா ஓடிப்போற ஆள மேஸ்திரி சேக்க மாட்டாரு."

"ஓடறதுதான் இவன் தொழிலே" என்று மச்சான் சிரித்தார்.

"நாலு வருஷம் இருப்பேன்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தார். கையிலிருந்த டீ வெள்ளை வேட்டியில் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவரும் அவர் மகனும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்கள். நான் ஆலை வாசலில் நின்றேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஆள் எப்புடி?" என்று கேட்டார்.

"பத்து வருஷமாத் தெரியும்" என்றார் டீக்கடைக்காரர். "தங்கமான மனுசன். ஒரு எடத்துல ஒக்காந்தா எந்திரிக்கவே மாட்டாரு."

மேஸ்திரி தலையாட்டினார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டு முதல் மூட்டையைத் தூக்கினேன்.