ஜன்னலில் மாட்டிக்கொண்ட காலிக் குப்பி

பிஸ்டலில் எனக்குப் பிடித்ததே சுட்ட பிறகு நடப்பதுதான். குறி, பதக்கமெல்லாம் அப்புறம். ட்ரிகரை ஒரு தடவை அழுத்துகிறோம், குண்டு போகிறது, கதை முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் கதையே ஆரம்பம். குண்டை முன்னால் தள்ளுகிற அதே வெடிப்பு, தோட்டாவின் காலிக் குப்பியைப் பின்னால் தள்ளுகிறது. குப்பி, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஸ்லைடிலிருக்கும் ஒரு சின்னக் கொக்கி குப்பியின் விளிம்பை விடாமல் பிடித்து வருகிறது. உள்ளே ஒரு முட்டு அதைத் தட்டிவிட, ஸ்லைடின் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி இருக்கும் திறப்பு வழியாகக் குப்பி பறக்கிறது. பின்னால் போன ஸ்லைடு, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை மடக்கி ஸ்பிரிங்கையும் நசுக்குகிறது. நசுங்கின ஸ்பிரிங் சும்மா இருக்குமா? ஸ்லைடை முன்னால் உதைக்கிறது. அது திரும்புகிற வழியில் கைப்பிடிக்குள் இருக்கும் மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவிக் குழலுக்குள் திணித்து மூடிக்கொள்கிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். அதற்குமேல் போகாது. நான் விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு. முக்கால்வாசி வேலை அதனுடையது, முடிவு மட்டும் என்னுடையது. அதனால்தான் அது செமி ஆட்டோமேட்டிக்.

இதை யாரிடம் சொன்னாலும் "சரி, எத்தனை மார்க்கு வந்துது?" என்று கேட்பார்கள். புத்தூரில் மெக்கானிக்கல் படிக்கிறேன், வீடு நகரியில். ஞாயிறானால் திருப்பதியில் இருக்கிற கிளப்பின் ரேஞ்சில் இருப்பேன். சொந்தமாக பிஸ்டல் இல்லாதவர்களுக்குக் கிளப்பில் இருப்பது ஒன்றே ஒன்று. சித்தூரில் மாவட்ட அணிக்கான தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அந்த ஒன்று மக்கர் செய்ய ஆரம்பித்தது.

இரண்டு குண்டு ஒழுங்காகப் போகும். மூன்றாவதில் காலிக் குப்பி வெளியே விழாமல், மூடுகிற ஸ்லைடுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நட்டுக்கொண்டு நிற்கும். ரேணிகுண்டா பஸ்ஸில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிற சாருக்கு அதில் சந்தேகமே இல்லை. "ஏம்மா, டிபன் சாப்பிட்டியா லேதா? மணிக்கட்டு உப்மா மாதிரி இருக்கு. கெட்டியா பிடி!"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கை தளர்ந்தால் பிஸ்டல் முழுசாகப் பின்னால் சாய்ந்துவிடும். ஸ்லைடுக்குப் போதுமான ஓட்டம் கிடைக்காது. கெட்டியாகப் பிடித்தேன். விரல் வெளுக்கிற மட்டும் பிடித்தேன். மறுபடி குப்பி நட்டுக்கொண்டது.

"நீங்க ஒரு வாட்டி சுட்டுப் பாருங்க சார்."

சுட்டார். அவருக்கும் அதே கதி. என்னோடு பயிற்சி எடுக்கிற பிச்சாட்டூர் அக்கா பின்னாலிருந்து, "சாருக்கும் உப்மாதான் போல்கீது" என்றாள்.

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது ஸ்பிரிங் போயிருக்கு. ஐதராபாத்துக்கு அனுப்பிடறேன். ஒரு மாசத்துல வந்துடும்."

ஒரு மாதம்! தேர்வு முடிந்து, அணி கிளம்பி, போட்டியே நடந்து முடிந்திருக்கும். போன வருஷம் அணியில் இடத்தை மயிரிழையில் தவறவிட்டது நான். இந்த வருஷம் சுடாமலே தவறவிடுவதா?

"அனுப்பறதுக்கு முன்னால கழட்டிப் பாக்கலாம் சார். ப்ளீஸ்."

"வத்தும்மா, வத்து. வேணாம். கழட்டிட்டு மாட்டத் தெரியலன்னா?"

"பக்கத்துலயே நில்லுங்க. தப்பு பண்ணா கைமேல அடிங்க."

மேகஸினை உருவி, குழல் காலி என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் ஸ்லைடைக் கழற்றவிட்டார். நான் வாய்விட்டே யோசித்தேன். வெடிக்கிறதா? வெடிக்கிறது. ஸ்லைடு பின்னால் போகிறதா? போகிறது, இல்லையென்றால் குப்பி ஜன்னல்வரை வந்திருக்காது. ஸ்பிரிங் திரும்பத் தள்ளுகிறதா? தள்ளுவதால்தான் குப்பி நசுங்குகிறது. அப்படியானால் ஸ்பிரிங் மேல் பழி போடக்கூடாது. குப்பியை முட்டில் மோதுகிறவரை விடாமல் பிடித்திருக்க வேண்டியது யார்? கொக்கி.

அக்கா செல்போன் டார்ச்சைக் காட்டினாள். கொக்கி நுனியில் கரியும் எண்ணெயும் பிசினாக அப்பிக் கிடந்தது. பல்குத்தும் குச்சியால் நெம்பினேன். கொக்கிக்கு அடியிலிருந்து ஏதோ நீளமாக வந்தது. இழுக்க இழுக்க வந்தது. துடைத்துப் பார்த்தால் கிளிப்பச்சை நூல்!

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூலையிலிருந்த சாக்குப்பையைத் திரும்பிப் பார்த்தோம்.

அது எங்கள் நைனா, அதாவது அப்பா, கொடுத்தனுப்பியது. வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நகரியில் கை துடைக்க, மோட்டார் துடைக்க, ஸ்கூட்டர் துடைக்க எல்லாவற்றுக்கும் தறியில் கழிந்த வேஸ்ட் நூல்தான். கிளப்பில் பழைய பனியனால் பிஸ்டலைத் துடைக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நைனாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூட்டை கட்டிவிட்டார். அது வந்த நாளிலிருந்து சார் தினமும் சாயங்காலம் எண்ணெய் விட்டு, அந்த நூலால் பிஸ்டலைப் பளபளவென்று துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். தறியில் ஒரு இழை சிக்கினால் கத்தரித்துவிடலாம். கடுகளவு கொக்கிக்கு அந்த ஒரு இழையே மலை.

"எங் கை வீக் இல்ல சார், உங்க கைதான் ரொம்ப சுத்தம்" என்றேன்.

சார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். துலக்கி மாட்டிச் சுட்டுப் பார்த்தோம். குப்பிகள் பொரி மாதிரி பறந்தன. ஒன்று அக்காவின் காலருக்குள் விழுந்து அவள் குதித்த குதியில் பிஸ்டல் சரியாகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றைக்கே நைனாவுக்குப் போன் போட்டேன். "நைனா, உன் நூலு துப்பாக்கியவே நிறுத்திப்புட்ச்சி."

"எங்க நூலா? இன்னா கலரு?"

"பச்ச."

"அதான பாத்தேன்! பச்ச நூலு எப்பவும் பிசிறு கண்ணு. வெள்ள நூலு குடுத்தனுப்பறேன், அதுல தொடைக்கச் சொல்லு."

"ஒண்ணும் வேணாம். நீ தறியப் பாத்துக்கினு இரு."

சித்தூரில் தேர்வன்று வெயில் நெருப்பு. கடைசிச் சுற்றின் கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிட்டது. மேகஸின் காலியானால் அது அப்படித்தான், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இனி ஒன்றுமில்லை என்று சொல்லும். பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். சார் மார்க்குப் பலகையைப் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்றாம் இடம். அணிக்கு எடுப்பது மூன்று பேரைத்தான்.

"வாய மூடும்மா, ஈ பூந்துடும்" என்றாள் அக்கா.